காலி ஜார்

கை ஓங்குவதற்கு முன் அமலதாஸ் "மிக்ஸியப் போடு" என்பான். ரெஜினா காலி ஜாரைப் பொருத்தி, வேகத்தை மூன்றில் வைத்துவிட்டு, அவன் முன்னால் வந்து நிற்பாள். அந்த இரைச்சலில் அவள் அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எல்லாம் முடிந்ததும் அவளே போய் நிறுத்த வேண்டும். மிக்ஸி அவள் அப்பா கொடுத்த சீர்.

பக்கத்து வீட்டு வசுமதி மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "தெனமும் அரைக்கிறியே ரெஜினா, ஒரு நாளாவது எனக்குக் கொஞ்சம் சட்னி குடுக்கக் கூடாதா?" ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமலதாஸ் கறி வாங்கப் போயிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது. தேங்காய் அரைபடும் சத்தம் வேறு, காலி ஜார் சுற்றும் சத்தம் வேறு. அந்த வித்தியாசம் இந்த மாடியில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். மிக்ஸி நின்றது. வசுமதியின் புருஷன் வியர்வையைத் துடைத்தபடி திறந்தான்.

"சட்னி அரைக்கிறீங்களே அண்ணே, கொஞ்சம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவனுக்குப் பின்னாலிருந்து வசுமதி எட்டிப் பார்த்தாள். உதடு கிழிந்திருந்தது. அந்த உதட்டோடு சிரித்தாள்.

"இன்னும் அரைபடல ரெஜினா. அப்புறமா வா."

கதவை அவளேதான் சாத்தினாள். மிக்ஸி மறுபடியும் ஓடியது. ரெஜினா கிண்ணத்தால் கதவை அடிக்கத் தொடங்கினாள். கிண்ணம் நசுங்கியது. உள்ளே மிக்ஸி நிற்கும்வரை அவளும் நிறுத்துவதாக இல்லை.