ஆயில் கறுத்துட்டு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு டிராக்டர் இருந்தது. ராஜா இல்லாத ஊர். அதனால் ராஜ மரியாதை முழுக்க டிராக்டருக்குத்தான்.

ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், தொண்ணூற்று நாலில், பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விட்ட வாரம். உழவுக்குப் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். டிரைவர் உமர் பாரூக் மட்டும் முதலாளி அப்பாத்துரை முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, கடையநல்லூர்லேருந்து போன் வந்துச்சு. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தலைப்புள்ள. ஒரே ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்திருதேன்."

அண்ணாச்சி வாயைத் திறக்குமுன் வரிசை எகிறியது.

"நல்லாருக்கே கத! வயல்ல தண்ணி நிக்கி. இன்னைக்கு எம் முறை" என்றார் முதல் ஆளாக நின்ற முத்துசுப்பிரமணியன் வாத்தியார். "புள்ள எங்கயும் ஓடிப்போயிராதுடே. உழவு முடியட்டும்."

"பத்து நாளு ஆவுமே சார்."

"அப்பத்தான் மூஞ்சி தெளிவாத் தெரியும்."

அப்பாத்துரை, பாறாங்கல்லுக்குச் சட்டை போட்ட மாதிரி நின்றார். "கேட்டேல்லா? லீவும் கிடையாது, கீவும் கிடையாது. வண்டிய எடுலே."

உமர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறப் போனான். பிரேக் பார்க்க வந்திருந்த மெக்கானிக் மாசானம், திடீரென்று எஞ்சினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவினான். விரலில் தேய்த்தான். மோந்தான்.

"ஐயையோ!"

"என்னவே?"

"ஆயில் கறுத்துட்டு அண்ணாச்சி. இப்படியே ஓட்டுனா எஞ்சின் ஜாம் ஆயிரும்."

வரிசை முழுக்க ஓடி வந்தது. ஆளுக்கொரு விரல். ஒருவர் வெயிலில் காட்டிப் பார்த்தார். ஒருவர் காதோரம் தேய்த்துச் சத்தம் கேட்டார். இன்னொருவர் நாக்கில் வைத்துவிட்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

"போன வெள்ளிக்கிழமதான ஆயில்..." என்று உமர் ஆரம்பித்தான். பொய் சொல்லத் தெரியாத பிறவி. மாசானம் அவன் காலை நறுக்கென்று மிதித்தான்.

"டீசல் வண்டின்னா ஆயில் கறுக்கத்தானவே செய்யும்?" என்றது ஒரு குரல்.

"கறுக்கது வேற, கருகுதது வேற! பூராவும் வடிக்கணும், கழுவணும், புதுசு ஊத்தணும். நாளைக்குக் காலையிலதான் வண்டி."

அண்ணாச்சி பானெட்டைத் தடவி, "எம் புள்ளைக்கு யாரு கண்ணு பட்டுதோ!" என்று உச்சுக் கொட்டினார்.

உமர் மூச்சை அடக்கிக்கொண்டு வாத்தியார் முகத்தையே பார்த்தான்.

வாத்தியார் பெருமூச்சு விட்டார். "பாவம், எஞ்சினும் ஒரு ஜீவன்தான? ஒரு நாளு ஓய்வு எடுக்கட்டும்."

பதினோரு தலையும் ஆடின.

"நீ ஏம்லே மரம் மாதிரி நிக்கே?" அண்ணாச்சி உமர் மேல் பாய்ந்தார். "வண்டி ஓடாத அன்னைக்கு ஒனக்கு இங்கன என்ன சோலி? கண்ணு முன்னால நிக்காத, ஓடு!"

ஓடினான். ஒரு செருப்பு வரப்பிலேயே தங்கிவிட்டது. தென்காசி பஸ்ஸை விடவில்லை.

வரிசையும் கலைந்து போனது. மாசானம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒப்புக்கு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் குனிந்தான்.

"நட்டுல கை வச்சிராதேயும்வே. நல்ல ஆயிலு" என்றார் அண்ணாச்சி. "வெள்ளிக்கிழம ஊத்தும்போது புனலப் பிடிச்சிட்டு நின்னதே நாந்தான்."

மாசானம் நிமிர்ந்த வேகத்தில் மட்கார்டில் தலை இடித்தது. "தெரிஞ்சுமா அண்ணாச்சி! அப்ப நீங்களே லீவு குடுத்திருக்கலாம்லா?"

"நீரு உருவலன்னா கம்பிய நானே உருவியிருப்பேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் அண்ணாச்சி. "மனுசனுக்காவ ஒரு நாள் பொறுங்கன்னா அடிக்க வருவானுவ. எஞ்சினுக்காவன்னா பொறுத்துக்கிடுவானுவ."

சொல்லிவிட்டுப் பைய நடந்து போனார்.