இருந்துட்டுப் போங்க, பவுடர் அக்கா

ரெஜினா வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு அலுமினியக் குழாய்கள் சேரும் இடத்தில் தடவிக்கொண்டிருந்தாள். பற்றவைக்கிற ராடு சிரித்தது.

"ஒட்டப்போறது நான். உனக்கு எதுக்கு இந்தப் பூச்சு?"

"அப்படியா தம்பி? நான் இல்லாத இடத்துல ஒட்டிக் காட்டு, பார்ப்போம்," என்றது பவுடர்.

நெருப்பு பட்டது. பவுடர் தடவாத இடத்தில் ராடு உருகி, முத்தாய் உருண்டு, கீழே விழுந்தது. குழாய்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. பவுடருக்கு அது தெரியும். அது தண்ணீராய் இளகி அந்தத் தோலைத் தின்றது. "இப்ப வா!" என்றதும் ராடு இடுக்குக்குள் வழிந்தோடி ஒட்டிக்கொண்டது.

"அக்கா, நீங்களும் எங்ககூடவே இருந்துடுங்க," என்று கெஞ்சின குழாய்கள்.

"தோலைத் தின்ன வாய் இது. இருந்தா உங்களையும் அரிச்சு ஓட்டை போட்டுரும். கழுவி அனுப்புங்க."

ரெஜினா வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். கொஞ்சம் பவுடர்தான் மிச்சம்.

"யாராவது கேட்டா யாரு ஒட்டினதுன்னு சொல்றது?" ராடின் குரல் இறங்கியிருந்தது.

"ரெஜினா, பாப்பா முழிச்சிட்டா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் மிச்ச வெந்நீரை மொத்தமாய்க் குழாய்களின் மேல் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

"நீதான்னு சொல்லு தம்பி," என்றது பவுடர், தண்ணீரோடு போய்க்கொண்டே. "எனக்கு இன்னும் எத்தனையோ பேரைச் சேர்த்து வைக்கிற வேலை இருக்கு."