ஐந்தாவது கோடு

“சார்... திடீர் சோதனையா?” உள்ளே நுழைந்த ஆய்வாளரைக் கண்டு மருந்துக்கடைக்காரர் பதறி எழுந்தார்.

கடைவீதியில் அவர் தலை தெரிந்தாலே தராசுகள் நேராக நிற்கும். எடை, அளவு ஆய்வாளர் ஆயிற்றே! லிட்டருக்கு இருபது மில்லி குறைத்து ஊற்றிய எண்ணெய்க்கடைக்காரர் மேல் நேற்றுதான் வழக்கு எழுதியிருந்தார். “அளவுல கை வைக்க மனசு எப்படிய்யா வருது?” என்று நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

“சோதனை இல்லைய்யா. பாப்பாவோட வலிப்பு மருந்து. பாட்டில் தீரப் போகுதுன்னு வீட்டுல சொன்னாங்க” என்று சீட்டை நீட்டினார்.

“அரை மில்லி, ரெண்டு வேளை. அளக்க சிரிஞ்ச் இருக்குல்ல?”

“ஆஸ்பத்திரியில குடுத்தது உடைஞ்சுபோய், பத்து நாள் முன்னாடி உங்ககிட்டதானே புதுசு வாங்கினேன்! கண்ணுக்கு நேரா பிடிச்சு, குமிழ் இல்லாம, அஞ்சாவது கோடு வரைக்கும் கச்சிதமா இழுத்துக் குடுக்கறேன்.”

கடைக்காரர் முகம் மாறியது. “அஞ்சாவது கோடா? சார், ஆஸ்பத்திரி சிரிஞ்சுல மில்லிக்குப் பத்துக் கோடு. நீங்க இங்க வாங்கினதுல நூறு. அரை மில்லின்னா அம்பதாவது கோடு!”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து நாளாக, பெற்ற பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்குதான் அளந்திருக்கிறார்.

புது சிரிஞ்சில் முதல் வேளை கொடுத்த அன்றைக்கே மனைவி கேட்டிருந்தாள். “ஏங்க, மருந்து கொஞ்சமாத் தெரியுதே?” அவர் சீறினார். “ஊருக்கே அளவு சொல்றவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா?” அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வரச் சொல்லியிருந்த நாள் அது; அவர் போனபோது மருத்துவரின் அறையில் அவள் குழந்தையோடு காத்திருந்தாள். ஏழு மாதப் பிஞ்சு அவரைக் கண்டதும் பொக்கை வாயால் சிரித்தது. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம், சாயங்காலத்திலிருந்து ஐம்பது கோடு கொடுத்துவிட்டால் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது.

மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். “பிரமாதம். மருந்து உடம்புல எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. வலிப்பும் வரலை. இதே அளவைத் தொடருங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து கோட்டுக்கே இது சரியென்றால், ஐம்பது கோடு கொடுத்தால் பிள்ளை என்னாவாள்? இனி மூடி மறைக்க முடியாது.

“டாக்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றார். “நான் அரை மில்லி குடுக்கலை. கோட்டைத் தப்பா எண்ணி, பத்து நாளா அஞ்சு கோடுதான் குடுத்திருக்கேன். இவ சந்தேகப்பட்டுக் கேட்டா. நான்தான் திமிர்ல வாயை அடைச்சுட்டேன்.”

மருத்துவர் தாளை மறுபடி பார்த்தார். “அப்படி இருக்க வாய்ப்பே இல்லையே! அஞ்சு கோட்டுக்கு இந்த அளவு வராது.”

ஆய்வாளர் குழப்பத்தோடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள், கண்கள் கலங்கியிருந்தன.

“அன்னைக்கே நான் கோட்டை எண்ணிப் பார்த்துட்டேன். சொன்னா மறுபடியும் கத்துவீங்களோன்னு பயந்து, மீதி நாப்பத்தஞ்சு கோட்டையும் வேளை தவறாம நானே குடுத்துட்டு வரேங்க.”