ஓட்டியது யார்

கிட்டே வாங்க செல்லங்களா, இன்னும் கொஞ்சம். மாஹிராவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இது சத்தமாய்ச் சொல்லும் கதை இல்லை.

பட்டப்பகல். அமீரகத்து ராஸ் அல் கைமாவில், டைல்ஸ் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார், உள்ளே மாஹிரா. வெளியே நெருப்பாய் வெயில். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவுகள் பூட்டியிருந்தன. பூட்டியவன் உஸைர்.

அவளோடு காலேஜில் படிப்பவன். ஒரு வருடமாக அவள் காதலன். படிப்பு முடிந்ததும் பெண் கேட்டு வருவேன் என்று சொன்னவன்.

மாஹிரா வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கெஞ்சியும் சொல்லியாயிற்று. அதற்குமேல் சொன்னபோது அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"கத்து. நல்லா கத்து. போலீஸ் வந்தா, கல்யாணம் ஆகாதவன்கூட கார்ல என்ன வேலைன்னு உன்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் உங்க வாப்பா விசா? கலாஸ், முடிஞ்சுது!"

அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் விசாவில்தான் உம்மா இருந்தாள், தம்பிகளும் இருந்தார்கள். போன மாதம் அவன் கையை முறுக்கிக் கன்றிப்போனதைக்கூடக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் வீட்டில் சொன்னாள்.

ஓட்டும் இருக்கையிலிருந்து அப்படியே அவள்மேல் சாய்ந்தான். ஒரு கை தொண்டையில். மறு கை குர்தாவைப் பற்றி இழுத்ததில் தோள்பக்கம் கிழிந்தது.

மூச்சு அடைத்தது. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை பிள்ளைகளா. தன் பொருளை எடுத்துக்கொள்கிறவனின் அவசரம்தான் இருந்தது.

கீறினாள். கடித்தாள். விடவில்லை.

இடது காலை அவன் பக்கம் நீட்டிப் பிரேக்கை மிதித்தாள். கியரை இழுத்தாள். பிறகு பக்கத்து ஆக்சிலரேட்டரில் உடம்பின் பலம் முழுவதையும் இறக்கினாள்.

கார் பாய்ந்து கான்கிரீட் தடுப்பில் மோதியது. அவளைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. உஸைரைப் பிடிக்க ஒன்றுமில்லை. டாஷ்போர்டில் முகம் அடித்து, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

பூட்டைத் திறந்து இறங்கியவன் முதலில் பார்த்தது காரைத்தான். அண்ணன் கார். முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. அந்த நாட்டில் போலீஸ் காகிதம் இல்லாமல் எந்தக் கராஜிலும் நெளிந்த தகட்டைத் தொடமாட்டார்கள்.

எந்தப் போலீஸைச் சொல்லி மிரட்டினானோ, அதே போலீஸுக்கு அவனே போன் போட்டான்.

"மாஹி, நீ டாக்சி புடிச்சுப் போயிடு. நீ வரவே இல்ல, சரியா? நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கிறேன். லைசென்ஸ் இல்லாதவ ஓட்டினான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் மாஃபி, ஒண்ணும் கிடைக்காது. நீயும் மாட்டிக்குவ."

போயிருக்கலாம். ரோடு பக்கத்திலேயே இருந்தது.

துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு அந்தத் தடுப்பின் மேலேயே உட்கார்ந்தாள். அவன் கெஞ்சினான், பல்லைக் கடித்தான், மறுபடி கெஞ்சினான். போலீஸ் வண்டி வந்து நிற்கிறவரை அவள் அசையவில்லை.

இறங்கிய அதிகாரி, யார் ஓட்டியது என்று ஹிந்தியில் கேட்டார்.

நான் என்றான் உஸைர், முந்திக்கொண்டு.

அவன் ஓட்டியதென்றால் அது வெறும் விபத்து. ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"இல்லை, நான்தான். லைசென்ஸ் இல்லை. வேணும்னேதான் மோதினேன்" என்றாள் மாஹிரா.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

ஏன் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் டாக்சி பிடிக்கவில்லை. துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுத்து, அவன் விரல் பதிந்த தடத்தைக் காட்டினாள்.

செல்லங்களா, உங்கள் வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அது முதல் தடவையிலேயே காதில் விழட்டும். உங்கள் வீட்டுப் பையனுக்கும் விழட்டும். ரப்பு உங்கள் வாசலில் பரக்கத்தை இறக்கட்டும்.