நிவேதா இளைத்த கதை

"ஒரே மாசத்துல அஞ்சு கிலோ எறங்கியிருக்கா. பொண்ணுக்குச் சோறு போடுறியா இல்லையா?"

ஜாக்குலின் சிஸ்டர் கேட்டதும் இளவரசி மகளை மேலும் கீழும் பார்த்தாள். தட்டில் மீன் தலை இல்லாவிட்டால் சோற்றைத் தொடமாட்டாள் மகள் நிவேதா. அவளுக்கா சோறு போடவில்லை?

தோணிரேவு என்ற மீனவர் ஊரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் சிஸ்டர் நடத்தும் மையம் அது. மாதாமாதம் எடையும் உயரமும் பார்ப்பார்கள். இந்த மாதம் மையத்தின் எடை மெஷின் பழுது. தன் மேடைத் தராசை இரவல் கொடுத்த புண்ணியவான், இறால் வியாபாரி தருமலிங்கம். கொடுத்ததோடு விட்டாரா? பொன்னாடை போர்த்திக்கொண்டு, தானே கூட்டிவந்த போட்டோகிராபருக்குச் சிரித்தபடி தராசை ஒட்டியே நின்றார்.

பதினைந்து வயது நிவேதாதான் வரிசையில் முதல் ஆள். "நேரா நில்லு கண்ணு" என்று சிஸ்டர் காதோடு சொன்னதை, "நேரா நில்லு கண்ணு" என்று ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். யார் என்ன சொன்னாலும் அப்படியே ஒப்பிப்பது அவள் வழக்கம். பின்னால் நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். எல்லாருமே தினமும் இதே தராசில் தருமலிங்கத்துக்கு எறா நிறுத்து விற்கிறவர்கள்.

தருமலிங்கம் அறிவுரையில் இறங்கினார். பெற்றவளே பட்டினி போட்டால் அந்தப் பெண் எங்கே போகும், பேசாமல் ஹோமில் சேர்த்துவிடலாம், செலவு தன்னுடையது என்றார். சிஸ்டரும் யோசனையாகத் தலையாட்டினார்.

மகள் இல்லாத வீட்டில் இளவரசி யாருக்கு உலை வைப்பாள்? சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா வேணா பண்ணுங்க சிஸ்டர். ஒரு வாட்டி அந்தத் தராசு சரியானு மட்டும் பாத்துடுங்க."

தருமலிங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வரிசையைப் பார்த்து மார்தட்டினார்.

"மத்தவன் எறாவுல தண்ணி இருக்குதுனு எடைய கழிப்பான். நான் ஒரு கிராம் கழிச்சிருப்பனா?"

ஆனால் சிஸ்டருக்கு இளவரசி கேட்டதில் நியாயம் தெரிந்தது. தராசுக்கு முத்திரை போடும் அதிகாரியையே வரவழைத்துச் சோதித்துவிடலாம் என்று போனை எடுத்தார்.

பொன்னாடைக்குள் தருமலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. தராசை விட்டு இன்னும் இறங்காத நிவேதாவின் தலைக்கு மேலாகக் குனிந்து, சிஸ்டர் காதில் என்னவோ கிசுகிசுத்தார்.

நிவேதா வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"தராசு அஞ்சு கிலோ கொறச்சுதான் காட்டும் சிஸ்டர், வெளிய சொல்லிடாதீங்க."