தங்கச்சியின் சர்வீஸ்

இடது கையால் நான் போட்ட முதல் சர்வீஸ் வலையைத் தொடவில்லை, கோட்டைத் தொடவில்லை, நேராக வேலியைத் தாண்டி வெளியே நின்ற காரின் மேல் விழுந்தது.

எதிர்ப் பக்கம் நின்ற நெட்டை, ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினாள்.

முறைத்தேன். பிறந்ததிலிருந்து நான் வலது கைக்காரி. காலையில் உடம்பு சூடாகும்வரை இந்தக் கை என் பேச்சைக் கேட்காது.

நெட்டை நான் பயிற்சி தரும் ஆட்டக்காரி. உயரத்தால் வந்த பெயர். நாளை அவளுக்குத் தேர்வு ஆட்டம். ஜெயிப்பவள் நாட்டு அணிக்குப் போவாள், தோற்பவள் வீட்டுக்குப் போவாள்.

எதிராளி இடது கைக்காரி. அவள் ஓரமாகப் போடும் சர்வீஸ் தரையில் பட்டதும், வலது கைக்காரிகள் போடுவதற்கு எதிர்த் திசையில் வளைந்து ஓடும். பழகாதவர்கள் அதைத் துரத்திக்கொண்டு போய் வேலியோரம் நிற்பார்கள், மைதானம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். இந்த வளைவைப் பழக்குவதுதான் இந்த மாதத்துப் பயிற்சித் திட்டம்.

அதற்கு எனக்கு ஒரு இடது கை தேவைப்பட்டது. இடது கையால் பல் தேய்த்தேன், பூட்டைத் திறந்தேன், வீட்டிலிருந்த கோப்பைகளில் பாதியை உடைத்தேன்.

அந்த எதிராளி என் தங்கச்சி.

ஒரே வீடு, ஒரே அறை, ஒரே அலமாரி. அவளுக்கு அந்த சர்வீஸைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். மைதானத்தில் போட்ட சண்டை சாப்பாட்டு மேஜை வரை வந்துகொண்டிருந்ததால் போன வருடம் அம்மா தலையிட்டு அவளை வேறு கோச்சிடம் அனுப்பினாள். அதிலிருந்து வீட்டில் டென்னிஸ் பேச்சே கிடையாது.

போன வாரம் என் தோள் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டது அவள்தான். வலது கைக்காரிக்கு இடது தோள் எதற்கு வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலியில் கத்தியதற்கு மண்டையில் ஒரு தட்டு மட்டும் கிடைத்தது.

கூடையில் பந்துகள் குறையக் குறையக் கை படிந்து வந்தது. நெட்டை நன்றாகவே திருப்பினாள். நான் பந்தைத் தூக்கிப் போட்டதும் முன்னால் நகர்ந்து, அடிக்கும் கணத்தில் சின்னதாகக் குதித்து இறங்கினாள். பக்கவாட்டில் ஓடாமல் குறுக்காக வந்து, பந்து விலகிப் போகும் முன் மறித்தாள். ராக்கெட்டைப் பின்னால் இழுக்காமல் தோளை மட்டும் திருப்பினாள்.

எல்லாம் சரி. ஆனாலும் கண் இமைக்கும் நேரம் தாமதம். எந்தப் பக்கம் வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் அதுவும் சரியாகிவிடும்.

அது எனக்குத் தெரியும்.

ஓரமாகப் போடப்போகிறாள் என்றால், பந்தைத் தூக்கும் முன் என் தங்கச்சியின் நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கும். நடுக்கோட்டில் போடுவதென்றால் வாய் கப்சிப். ஷூ நாடா கட்டப் பழகிய வயதிலிருந்தே கூட வருகிற நாக்கு. சர்வீஸ் போடுகிறவளிடம் அவள் முகத்தைப் பற்றிப் பேசினால் சர்வீஸே கெட்டுவிடும். அதனால் அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

நெட்டை பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவள். தெரிந்ததை மறைத்தால் நான் கோச்சே இல்லை. சொன்னாலோ, இன்று ராத்திரி அதே அறையில் அந்த முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்க பெஞ்சில் உட்கார்ந்தோம். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"இங்க பாரு, அவ பந்தைத் தூக்கறதுக்கு முன்னாடி..."

"வேணாங்க்கா. சொல்லாதீங்க."

நெட்டை தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

"உங்க தங்கச்சி நேத்து போன் பண்ணா. அந்த நாக்கு விஷயத்தை அவளே சொல்லிட்டா. புது கோச் எடுத்த வீடியோவுல பாத்தாளாம். 'எங்கக்கா இதைச் சொன்னாலும் தூங்க மாட்டா, சொல்லாட்டியும் தூங்க மாட்டா. அவ வாயால சொல்ல விட்றாத'ன்னா."

நெட்டை அதோடு நிறுத்தவில்லை.

"சும்மா ஒண்ணும் சொல்லல. நாளைக்கு சூயிங் கம் மென்னுக்கிட்டே ஆடப்போறாளாம், நாக்கு வெளிய வராதாம். அப்புறம் நீங்க என் பக்கம்தான் உக்காரணுமாம். அவளுக்காகப் பாவம் பாத்து எனக்குக் கை தட்டாம இருந்தீங்கன்னா பேசவே மாட்டாளாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவா இருந்தாப் போதுமாம்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். தைலம் தேய்த்த அதே கையால்தான் போனையும் எடுத்திருப்பாள், கழுதை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து ராக்கெட் நரம்புகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பிறகு துண்டை எடுத்தேன். மனது துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"சூயிங் கம்மா? அவளா?" என்றேன். "கொஞ்ச நேரத்துக்கு மேல அவளால எதையும் மெல்ல முடியாது. தாடை வலிக்குதுன்னு துப்பிடுவா. முதல் செட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழு. அப்புறம் நாக்கைப் பாரு."

நெட்டை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

நான் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கோட்டுக்கு வந்தேன். நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, பந்தை மேலே தூக்கிப் போட்டேன்.