குனிஞ்சா மாமாவுக்கு, நிமிந்தா மச்சானுக்கு

வசந்தகுமாரியின் விரலில் மை வைத்தார்கள். மேனாம்பேடு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில், ஏஜெண்டுகளுக்குப் போட்டிருந்த பெஞ்சில் இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவர் அவள் புருஷன் கலியமூர்த்தி. இன்னொருவன் அவள் தம்பி பால்ராஜ். ஆளுக்கொரு கட்சி.

முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் டில்லியில் ஆட்சி கவிழ்ந்து மறுபடியும் பார்லிமெண்ட் தேர்தல். அங்கே நாற்காலி ஆடினால் அம்பத்தூரில் ஏன்தான் இத்தனை பேருக்குக் கை அரிக்குமோ, தெரியவில்லை.

கலியமூர்த்தி சாதாரண ஏஜெண்ட் இல்லை. போன தேர்தலில் இந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணுவதற்கு முன்பே சொல்லி, கணக்கில் ஏழே ஏழு ஓட்டு மட்டும் பிசகியவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற மனுஷனுக்கு ஜோசியம் எப்படி வந்தது என்று தெருவே வாயைப் பிளந்தது.

ஜோசியமாவது மண்ணாவது! ஓட்டுச் சீட்டு ஒரு முழ நீளம். மேலே இருக்கிற சின்னத்தில் குத்த வேண்டுமானால் குனிந்து கையை நீட்ட வேண்டும். அடியில் இருக்கிற சின்னத்துக்கு நின்ற வாக்கிலேயே குத்திவிடலாம். அட்டை மறைப்பு மார்பு உயரம்தான். தலையும் தோளும் பளிச்சென்று தெரியும்.

இந்த முறை இவர் சின்னம் சீட்டில் முதலாவது. பால்ராஜின் கட்சி புதுசு, அதனால் அது கடைசி.

நேற்று டீக்கடையில் இந்த வித்தையை மச்சானிடம் பீற்றிக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

"அக்கா எனுக்குத்தான் குத்தும். உனுக்குக் குத்திச்சின்னு வெச்சிக்கோ, உன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றான் பால்ராஜ்.

"உனுக்குக் குத்தினா நான் மீசைய எடுத்துடறேன்டா" என்றார் இவர்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் தமிழரசிக்கு இன்னும் பத்தொன்பது நாளில் கல்யாணம். பந்தயத்தில் ஜெயித்தால், மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் இல்லாத கல்யாணம். தோற்றால், மழித்த மூஞ்சியோடு சம்பந்தி முன்னால் நிற்க வேண்டும். இதில் டீக்கடையில் இருந்த மற்ற ஆம்பிளைகளுக்கும் ரோஷம் வந்து, தங்கள் தங்கள் பெண்டாட்டி ஓட்டின் மேல் பந்தயம் கட்டிவிட்டார்கள். விளங்கின மாதிரிதான்.

வசந்தகுமாரி சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள்.

குனிந்துவிடாதே தாயே, என்று கலியமூர்த்தி வேண்டிக்கொண்டார். இருபது வருஷமாகக் கொடி பிடித்தவர், தன் கட்சிக்கு ஓட்டு விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். மீசை போனால் வளரும், மச்சான் போனால் வருவானா?

அடுத்த நொடியே கை மீசைக்குப் போனது. ஐயோ, நிமிர்ந்தும் நிற்காதேடி.

பக்கத்தில் பால்ராஜ் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பயலுக்கும் இதே கவலைதான் போலிருக்கிறது. அக்கா வீட்டுக் கறிக்குழம்பை அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை.

வசந்தகுமாரி குனியவில்லை. நிமிர்ந்தும் நிற்கவில்லை.

ஆளையே காணோம்.

தலை இல்லை, தோள் இல்லை. மேஜைக்கு அடியில் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்! எங்கோ கீழேயிருந்து டொக்கென்று முத்திரை குத்துகிற சத்தம் வந்தது.

"என்னம்மா ஆச்சு?" சாவடி அதிகாரி ஞானகுமாரி டீச்சர் பதறிப்போய் எழுந்தார்.

"முட்டி வலி மேடம்" என்றபடி எழுந்து வந்த வசந்தகுமாரி, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டாள். இவர்கள் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

முட்டி வலிக்காரி சம்மணம் போடுவாளா? கலியமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலில் அவள் பேருக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டார்.

அடுத்து வந்தவள் கல்யாணப் பெண் தமிழரசி. இருபது வயசு. அவளும் மறைப்புக்குப் பின்னால் போனாள், உட்கார்ந்தாள், டொக்.

அதற்கடுத்து பால்ராஜின் பெண்டாட்டி பார்வதம். அவளும் உட்கார்ந்தாள். எழுபது வயசு முத்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். எழுப்பிவிடத்தான் இரண்டு பேர் போக வேண்டியிருந்தது.

காலையில் தண்ணி லாரி போய் அரைமணி நேரம் ஆன பிறகும், தெருப் பெண்கள் அத்தனை பேரும் நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூடிக் கூடிப் பேசியது கலியமூர்த்திக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் எட்டிப் பார்த்தார். வரிசையில் இன்னும் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். அவரைப் பார்த்ததும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜோசியம் நாசமாய்ப் போயிற்று. பட்டியல் முழுக்கக் கேள்விக்குறி. அவருக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பால்ராஜ் எட்டி அந்தப் பட்டியலைப் பார்த்தான். பிறகு இவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"முகூர்த்தம் எத்தினி மணிக்கு மாமா?"

"ஏழரைலேர்ந்து ஒம்போது. நீ ஆறு மணிக்கே வந்துடுடா."

ஞானகுமாரி டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார்.

"ஏஜெண்டுங்க ரெண்டு பேரும் பூத்துக்குள்ள அரசியல் பேசாதீங்க!"